அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

கிறெனோபிள்
2025 ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கடையில் இருப்பதற்கு ஒரு கதிரை கேட்டு வாங்கினீர்களா, அல்லது முதலாளி குகதாசன் அண்ணையின் முகத்துக்காக இன்னும் பத்து மணி நேரம் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறீர்களா?

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் நான் கத்துகிறேன், நான்காவது நிமிடத்தில் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். தபாலில் வந்தாலும் சரி, மின்னஞ்சலில் வந்தாலும் சரி.

செய்தி இதுதான். செப்டெம்பரில் நேபாளம் போகிறேன். ஊர் சுற்ற இல்லை, வேலைக்கு. இங்கே மலை நடைப் பயணங்கள் நடத்தும் ஒரு சின்னக் கம்பனி ஆறு பிரெஞ்சுக்காரர்களை மனாஸ்லு மலையைச் சுற்றி நடக்கக் கூட்டிப் போகிறது. மழைக்கால முடிவு என்பதால் மலிவுக் குழு. பசாங் என்ற நேபாளி வழிகாட்டி முன்னால் நடப்பார், கம்பனியின் ஆளாக நான் பின்னால். ஒழுங்காக முடித்தால் நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள். மூன்று வருடம் மலை விடுதிகளில் கோப்பை கழுவிக்கொண்டே வழிகாட்டி வேலைக்குப் படித்தேன். எங்கள் நிறத்தில் ஒருவனை மலையில் கண்டால் இந்த ஆட்கள் குசினி இருக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். அது முடிய வேண்டும்.

அந்தப் பகுதி திபெத் எல்லை. தனி அனுமதிப் பத்திரம் வேண்டும். பெயர், பாஸ்போட் இலக்கம், படம், எந்த நாள் உள்ளே, எந்த நாள் வெளியே, எல்லாம் அதில் இருக்கும். வழியில் உள்ள சாவடிகளில் புத்தகத்தில் பதிவார்கள். கம்பனியும் ஒரு படிவம் கேட்கிறது. தலைப்பு: அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். உறவு, முகவரி, தொலைபேசி, அடையாள அட்டைப் பிரதி. எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்த மாதத்துக்குள் நிரப்பி அனுப்புங்கள்.

கால் நோவுக்கு மருந்தை ஒழுங்காகப் போடுங்கள்.

தம்பி
மிதுசன்

—

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
2025 ஜூன் 15

அன்புத் தம்பி மிதுசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. கதிரை கேட்டேன். குகதாசன் அண்ணை வெங்காயப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "இரு பிள்ளை, ராணி மாதிரி இரு" என்றார். இருந்தேன். பெட்டி உடைந்தது.

நீ நேபாளம் போவதைக் கடையில் சொன்னேன். றொமேஷ் பலாக்காய் ரின்களை அடுக்கிக்கொண்டே, "நாங்கள் பாஸ் இல்லாமல் மலை கடந்து வந்தம், உங்கடை தம்பி பாஸ் எடுத்து மலை ஏறப்போறாரோ? நல்ல முன்னேற்றம் அக்கா" என்றான். குகதாசன் அண்ணைக்குக் கோபம். "நடக்கோணுமெண்டா இஞ்சையிருந்து பாரிசுக்கு வெளியிலை ஓல்னே-சூ-புவா மட்டும் நடக்கட்டும். ஆமிக்காரன் மறிக்காத இடமாய்ப் பாத்து நடக்கேலாதோ?"

நானும் அதைத்தான் கேட்கிறேன். சாவடி, பதிவு, பாஸ் என்று வாழ்ந்தது போதாதா? நீ தப்பி வந்த பிள்ளை. பிரெஞ்சுப் பாஸ்போட் கையில் இருக்கிறது. அல்ப்ஸ் மலை உன் வீட்டு வாசலில் நிற்கிறது. அங்கே ஏறு, இறங்கு, யார் கேட்கிறார்கள்?

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ஐந்தாம் மாடிக்கு ஏறும்போது எனக்கு உன் மனாஸ்லு தெரிகிறது. சாப்பாட்டை விட்டுவிடாதே.

அன்புடன்
அக்கா கோசலை

—

கிறெனோபிள்
2025 ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்பவில்லை, பெட்டி உடைந்ததை மட்டும் நம்புகிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், படிவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வரவில்லை என்றுகூட எழுதவில்லை.

அல்ப்ஸில் நடக்கச் சொல்கிறீர்கள். நடக்கலாம். ஆனால் எனக்கு வேலை தருவது இந்தப் பயணம். இங்கே அல்ப்ஸில் நடத்துகிற பயணங்கள் எல்லாம் அப்பன் வழிகாட்டி, தாத்தன் வழிகாட்டி என்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். மலிவான குழு, மழை, அட்டைக்கடி, அரசியல் குழப்பம் என்றால்தான் என் பெயர் ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்துதான் போகிறேன்.

பர்மிட்டைப் பற்றி உங்களுக்குப் பிழையான எண்ணம் இருக்கிறது. போன வருடம் வேறு கம்பனியோடு போன ஒருவர் சாவடியில் பதியாமல் குறுக்கு வழியால் போனார். அவசரமாம். மண் சரிந்தது. அவர் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார் என்றே பதினொரு நாளாக ஒருவருக்கும் தெரியாது. தேடுவதென்றால் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டும், அக்கா. அதற்குத்தான் புத்தகம். அதற்குத்தான் படிவம்.

அலுவலகத்தில் வனேசா என்ற பெண்தான் இதைப் பார்க்கிறாள். அவளுக்கே நேரடியாக அனுப்பலாம். முகவரி படிவத்தின் அடியில் இருக்கிறது. அது வராவிட்டால் என்னைப் பயணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மிதுசன்

—

மார்க்ஸ் டோர்மோய்
2025 ஓகஸ்ட் 10

அன்புத் தம்பிக்கு,

ஆறு கிழமையாக எழுதவில்லை. கோபிக்காதே. வெயிலில் கால் வீங்கியது, இப்போது பரவாயில்லை. உனக்குத் தடிமன் என்று வனேசாவோ யாரோ சொல்லவில்லை, நானாக ஊகிக்கிறேன். நீ மழையில் நனைந்தால் தலை துடைக்கிற பழக்கம் இல்லாதவன்.

படிவத்தை அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி இனிக் கேட்காதே.

போவது என்று முடிவெடுத்துவிட்டாய். ஆகவே சொல்கிறேன், உன் கம்பனி இதையெல்லாம் சொல்லித்தந்திருக்காது. சாவடிக்குக் கிட்டப் போகுமுன்பே கடதாசியைக் கையில் எடு. அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு பைக்குள் கை விடாதே. கறுப்புக் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்று. கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்காதே, முறைக்காதே. பாலம், கொடி, சீருடை மூன்றையும் படம் எடுக்காதே. பர்மிட்டின் பிரதியை மூன்று பேரின் பைகளில் வை. சின்னத் தாள்களாகக் காசு வை. சனம் கூடிச் சத்தம் கேட்டால் என்ன என்று பார்க்கப் போகாதே, சந்திக்கு முதல் ஒழுங்கையிலேயே திரும்பு. ரோட்டை மூடிவிட்டார்கள் என்றால் திறக்கும்வரை இருந்த இடத்தில் இரு. அவசரப்பட்டு வெளிக்கிட்டவர்களைத்தான் நாங்கள் வழியில் விழுந்து கிடக்கக் கண்டோம்.

மிளகாய்த்தூளும் கொஞ்சம் மல்லியும் பார்சலில் போட்டிருக்கிறேன். வெள்ளைக்காரருக்குக் கொடுத்து வீணாக்காதே.

கவனம்.

அக்கா

—

காட்மாண்டு
2025 செப்டெம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். ஆறு பேரும் நலம். எனக்குத் தடிமன், நீங்கள் சொன்னது சரி. உங்கள் காலில் வீக்கம் முழுவதும் வற்றிவிட்டதா?

உங்கள் கடிதத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து இரவுச் சாப்பாட்டில் வாசித்தேன். எங்கள் குழுவில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்கிறவர். அவர் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "உங்கள் அக்கா இராணுவத்தில் இருந்தவரா?" என்று கேட்டார். "இல்லை, இராணுவத்துக்கு முன்னால் வரிசையில் நின்றவர்" என்றேன்.

பர்மிட் கிடைத்துவிட்டது. ஏழு நாள். பசாங் அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருக்கிறார். நகரம் கொதிக்கிறது. தேநீர்க் கடைப் பொடியன்கள் போனில் அமைச்சர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் எடுத்த படங்களைக் காட்டுகிறார்கள். இவர்களின் அண்ணன்மார் வளைகுடாவில் சீமெந்து சுமக்கிறார்கள். நான் இங்கே பிறந்திருந்தால் தெருவில்தான் நின்றிருப்பேன். ஆனால் ஆறு பேரின் பெயர் என் சட்டைப் பையில் இருக்கிறது, ஆகவே தெருப் பக்கம் போகவில்லை.

நாளை வெளிக்கிடுகிறோம். மேலே போனுக்கு வலை இல்லை. செய்மதிக் கருவி ஒன்று தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வரி அனுப்புவேன். அது அலுவலகத்து மெசின் வழியாக, மிதுசனின் அக்கா கோசலைக்கு என்று பிரெஞ்சில், நேரே உங்கள் போனுக்கு வரும். வந்தால் நான் உயிரோடு இருக்கிறேன். அவ்வளவுதான் அதன் அர்த்தம், வேறு யோசிக்காதீர்கள்.

போய்வருகிறேன்.

மிதுசன்

—

பாரிஸ்
2025 செப்டெம்பர் 9

தம்பி,

எங்கே நிற்கிறாய்? ரிவியில் காட்மாண்டு எரிகிறது. பாராளுமன்றக் கட்டடத்தில் புகை. ஊரடங்கு, விமான நிலையம் பூட்டு என்கிறார்கள். நேற்றுச் சுட்டு எத்தனையோ பிள்ளைகள் செத்தார்களாம்.

கடையில் எல்லாரும் கேட்கிறார்கள். குகதாசன் அண்ணை போனை என் கையில் தந்து, "உவள் வனேசாவுக்கு அடி பிள்ளை" என்கிறார். பிறகு அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ சுகமாய் இருக்கிறாயா என்று கேட்டு எழுதுவதற்கு வேறு வழி தெரியாமல் இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். எங்கே பார்ப்பாயோ தெரியாது.

அக்கா

—

நம்ரூங் கிராமம், நேபாளம்
2025 செப்டெம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்பியில் எழுதுகிறேன், வலை கிடைக்கும் இடத்தில் தட்டி அனுப்புவேன். நாங்கள் சுகம் என்று உங்களுக்கு ஒவ்வொரு பின்னேரமும் செய்தி வந்திருக்கும், ஆகவே பயப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் கால் எப்படி?

ஐந்து நாளாக ஒரே ஊரில் நிற்கிறோம். முதலில் ஒருவருக்கு வயிற்றோட்டம். பிறகு கீழே மண் சரிந்து பாதை போய்விட்டது. பிறகு காட்மாண்டுச் செய்தி வந்தது. கீழே மாவட்ட நகரத்தில் அலுவலகங்கள் எரிந்தனவாம், ஜீப் ஓடவில்லையாம்.

பல் வைத்தியர் கீழே இறங்கியே ஆகவேண்டும் என்று நின்றார். திங்கட்கிழமை அவருக்கு நோயாளிகள் இருக்கிறார்களாம். "நான் காசு கட்டியவன், நீ கம்பனியின் வேலையாள்" என்றார். நான் உங்கள் வரியைத்தான் திருப்பிச் சொன்னேன்: ரோட்டை மூடினால் திறக்கும்வரை இருந்த இடத்தில் இரு. தன் கொப்பியில் தானே எழுதி வைத்த வரி அது. போய்ப் படுத்தார்.

உங்களுக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பொலிஸ் சாவடி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் வேலை. ஒருவர் செய்தி வந்த இரவே ஊருக்கு ஓடிவிட்டார். மற்றவருக்கு என் வயதுதான் இருக்கும். சீருடையைக் கழற்றி ஒளித்துவிட்டு, சாதாரணச் சட்டையோடு பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாவடியில் இருக்கிறார். எங்கள் பர்மிட் நேற்றோடு முடிந்துவிட்டது. நீட்டிக்கிற அலுவலகம் எரிந்துவிட்டதோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. பர்மிட் இல்லாமல் நிற்பது குற்றம். போய்ச் சொன்னோம். அவர் பத்திரத்தின் பின்பக்கத்தில் கையால் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தார்.

"உங்களுக்குப் பயமில்லையா, ஏன் போகவில்லை?" என்று பசாங் கேட்டார்.

"மேலே நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். கீழே யாருக்கும் அது தெரியாது. புத்தகத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது?" என்றார்.

அரசாங்கம் இல்லை, சம்பளம் வருமோ தெரியாது, ஒருவன் பெயர்களைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மழை விட்டதும் வந்த வழியே இறங்குவோம். கணவாய்க்குப் போகவில்லை. உடம்பைப் பாருங்கள்.

மிதுசன்

—

பாரிஸ்
2025 செப்டெம்பர் 14

என் தம்பி மிதுசனுக்கு,

நீ சுகம் என்று எனக்குத் தெரியும். முந்தநாள் பின்னேரத்திலிருந்துதான் தெரியும். அதற்கு முதல் எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதத்தான் இருக்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதினால்தான் எழுதி முடிப்பேன்.

படிவத்தில் நான் என் போன் இலக்கத்தைச் சரியாக எழுதவில்லை. கடைசி இலக்கம் நாலு. ஏழு என்று எழுதினேன். முகவரியும் பழைய வீட்டு முகவரி. மறதி இல்லை, தெரிந்துதான் எழுதினேன். எந்தப் படிவத்திலும் அப்படித்தான் எழுதுவேன். வதிவிடக் கார்ட்டுக்கும் வாடகைக்கும் மட்டும் உண்மை எழுதுவேன், வேறு வழியில்லாதபடியால்.

ஒன்பதாம் திகதி எரிகிறதைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, உன் செய்தியெல்லாம் வேறு யாருக்கோ போகிறது என்று. வனேசாவுக்கு அடித்தால் யார் நீங்கள், இலக்கம் ஏன் பொருந்தவில்லை என்று கேட்பாள். எடுக்கப்போனால் கை நின்றுவிடும். மூன்று நாள் அப்படியே இருந்தேன். மூன்று நாள், தம்பி. அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்பேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, மெற்றோ வாசலில் நின்றுகொண்டு, நான் எழுதிய அந்தப் பொய் இலக்கத்துக்கு அடித்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஒரு வயது போன பெண் எடுத்தா. என்ன சொல்வது என்று தெரியாமல், "மன்னிக்கவேணும், உங்களுக்கு நேபாளத்திலிருந்து ஏதாவது..." என்று தொடங்கினேன்.

"கோசலையா?" என்றா. "கடவுளே, நீங்கள்தான் அந்த அக்காவா? எங்கே போயிருந்தீர்கள்?"

அவவின் பெயர் ரோசாலி. குவாதலூப் தீவுக்காரி. ஆஸ்பத்திரியில் துப்பரவு வேலை செய்து ஓய்வு பெற்றவ, ஓல்னேயில் தனியே இருக்கிறா. முதல் செய்தி வந்ததும், ஆள் மாறிவிட்டது என்று பதில் அனுப்பியிருக்கிறா. மெசின் அனுப்புமாம், பதிலை வாசிக்க ஆள் இல்லையாம். அடுத்த நாளும் வந்ததாம். மூன்றாம் நாளிலிருந்து பின்னேரம் ஆறு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாவாம். காட்மாண்டு எரிந்த அன்று தேவாலயத்தில் உனக்கு மெழுகுதிரி ஏற்றினாவாம். "பெயரை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மிதுசான் என்று சொன்னேன், பரவாயில்லையா?" என்று கேட்டா.

பிறகு ஒவ்வொன்றாக வாசித்தா. ஜகத் வந்தோம், மழை. டெங், எல்லாரும் நலம். நம்ரூங், ஒருவருக்கு வயிறு சரியில்லை. நம்ரூங், நிற்கிறோம். நம்ரூங், நிற்கிறோம், சாப்பாடு உண்டு. சனமெல்லாம் என்னை இடித்துக்கொண்டு படியிறங்கிப் போக, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தா.

அப்படியே நின்று வனேசாவுக்கும் அடித்தேன். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இலக்கம் எல்லாம் கேட்டாள். சொன்னேன். எல்லாம் உண்மை. நேற்று முதல் செய்தி என் போனுக்கு வந்தது.

நல்லபடி இறங்கி வா. மற்றதை வந்து பேசு.

அக்கா

—

காட்மாண்டு
2025 செப்டெம்பர் 21

அக்காவுக்கு,

இறங்கிவிட்டோம். பசாங்கோடு எட்டுப் பேரும் முழுசாக இருக்கிறோம். எனக்கு இரண்டு கால் நகம் போய்விட்டது, வேறொன்றும் இல்லை. நாளை மறுநாள் விமானம். நீங்கள் சுகமா என்று கேட்கிறேன். கேட்காமல் விட்டால் நன்றாக இராது.

உங்கள் கடிதத்தை ஜீப்பில் வாசித்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம். இப்போதும் இருக்கிறது. நான் மழைக்குள் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா பார்ப்பா, அக்கா நிம்மதியாகப் படுப்பா என்று ஒவ்வொரு நாளும் அனுப்பினேன். நீங்கள் மூன்று நாள் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறீர்கள்.

எனக்குப் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்து கை முறிந்தது. அவர்கள் உங்களுக்குப் போன் அடித்தார்கள். யாரோ ஒருவர் எடுத்து, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் பின்னேரம்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாதி என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது, இவனுக்கு வீடே இல்லைப்போல என்று. நான் வீட்டுக்கு வந்து உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இலக்கம் மாறிப்போச்சு என்று நீங்கள் சொன்னதை நம்பியதுபோல இருந்தேன்.

இப்போது கேட்கிறேன். இது அப்பாவைப் பற்றித்தானே? பதினாறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதைத் தவிர எல்லாம் கதைக்கிறோம். வெங்காயம் கதைக்கிறோம், முழங்கால் கதைக்கிறோம். எழுதுங்கள். போனில் வேண்டாம், நான் கத்துவேன்.

ரோசாலி அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மிதுசான் என்பது பரவாயில்லை.

மிதுசன்

—

மார்க்ஸ் டோர்மோய்
2025 ஒக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

நகம் வளரும்வரை இறுகின சப்பாத்துப் போடாதே. எனக்குச் சுகம். குகதாசன் அண்ணை கடைசியில் கதிரை வாங்கிப் போட்டுவிட்டார், நான் அழுததைப் பார்த்ததால் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபிறகு ஒரு வெட்டவெளியில் எங்களை இருத்தி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்தோடு ஒரு நாள் நின்றவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அப்பா அவர்களுக்கு ஒன்பது மாதம் உழவு மெசின் ஓட்டியவர், வேறொன்றும் இல்லை. அப்பா என்னிடம் வந்து, "என்ன பிள்ளை செய்வம்?" என்று கேட்டார். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் கேட்டிருப்பார். எனக்கு இருபத்திரண்டு வயது. "போய்ப் பதியுங்கோ அப்பா. பிறகு பிடிபட்டால்தான் வில்லங்கம்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

போய் வரிசையில் நின்றார். பச்சை மட்டைக் கொப்பி. குனிந்து பெயர் சொன்னதைப் பார்த்தேன். பிறகு பஸ்.

மூன்று இடத்தில் போய்க் கேட்டேன். அப்படி ஒரு கொப்பியே இல்லை என்றார்கள். அதிலிருந்து நான் எந்தக் கடதாசியிலும் முழு உண்மை எழுதியதில்லை. காணாமல் போனவர்களின் பட்டியலில்கூட அப்பாவைப் போடவில்லை. போட்டால் யார் கடைசியாகக் கண்டது, என்ன நடந்தது என்று கேட்பார்கள். நான் சொன்னதைச் சொல்ல வேண்டும். உன்னிடமும் சொல்ல வேண்டும்.

போன கிழமை ரோசாலி வீட்டுக்குப் போனேன். கோப்பி தந்தா. எல்லாவற்றையும் அவவுக்குச் சொன்னேன். தெரியாத ஆளுக்குச் சொல்வது சுகமாக இருந்தது. அடுத்த நாள் அவவே என்னைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனா. காணாமல் போனவர்களைத் தேடுகிற பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கிருந்த பெண் ஒரு வாக்குறுதியும் தரவில்லை. வருடக்கணக்கில் எடுக்கும், பதிலே வராமலும் போகலாம் என்றாள். அப்படிச் சொன்னதால் நம்பினேன்.

ஆறு பக்கப் படிவம். என் பெயர், என் இலக்கம், கடைசியில் நாலு. நான் அப்பாவிடம் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வியில் நிற்கிறேன். கடைசியாகக் கண்டபோது என்ன உடுத்திருந்தார்? நீலக் கட்டம் போட்ட சேட் என்று எழுதினேன். மற்றது ஞாபகம் இல்லை, தம்பி. எவ்வளவு யோசித்தாலும் வருகுதில்லை. உனக்குப் பதினொரு வயது. பையில் தலை வைத்து நீ நித்திரை என்று நினைத்தேன். ஏதாவது தெரியுமா?

எழுது. கோபம் என்றாலும் எழுது.

உன் அக்கா
கோசலை

—

கிறெனோபிள்
2025 ஒக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நகம் முளைக்கத் தொடங்கிவிட்டது. கதிரையில் இருங்கள், அழுது வாங்கியதென்றாலும் உங்கள் கதிரைதான்.

வேலை தந்துவிட்டார்கள், ஜனவரியிலிருந்து. இனிமேல் பயணிகளின் வீட்டிலிருந்து வரும் பதிலை ஒரு மனிதர் இருந்து வாசிக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். செலவு என்றார்கள். மெழுகுதிரி ஏற்றிய கதையைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.

அக்கா, நான் நித்திரை இல்லை. பையில் தலை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். நீங்கள் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் தெரியும்.

உங்களிடம் வருவதற்கு முதல் அப்பா என் பக்கத்தில் வந்து குந்தினார். பையைத் திறந்து என் பள்ளிக்கூடப் பெல்ட்டை எடுத்தார். அவர் மெலிந்து போயிருந்தார், காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பாலம் கடந்தவர். பெயர் பதியிற இடத்தில் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கேலாது என்று எனக்குச் சொன்னார். "தம்பி, இதை அப்பா கொண்டு போறன்" என்றார். கட்டி முடித்து, சேட்டை இழுத்து விட்டார். அதற்குப் பிறகுதான் எழும்பி உங்களிடம் வந்து என்ன செய்வம் என்று கேட்டார்.

போவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்டார், அக்கா. உங்களிடம் சொல்லிவிட்டுப் போக அவருக்கு வேறு விதம் தெரியவில்லை. ஆறுதலுக்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அந்த வெளியில் வேறு எங்கே போவார்? பெயர் கொடுத்தது குற்றமில்லை. கொடுத்த பெயரை இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது அவர்களை.

இதை நான் பதினாறு வருடமாகச் சொல்லாதது என் பிழை. நீங்கள் கேட்கவில்லை என்று நானும், நான் கேட்கவில்லை என்று நீங்களும் இருந்துவிட்டோம்.

படிவத்தில் எழுதுங்கள். கறுப்புக் காற்சட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுகிற இழுபடும் பெல்ட், நீலமும் வெள்ளையும் கோடு, பாம்புக் கொளுக்கி. சின்னப் பிள்ளையின் அளவு. கடைசி மட்டும் இழுத்துக் கட்டியிருந்தார். உட்பக்கத்தில் நீல மையால் என் பெயர், அப்பாவின் கையெழுத்தில்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் வையுங்கள். அதில் சாட்சி இரண்டு பேர் என்று இருந்தால், இரண்டாவது ஆள் நான்.

தம்பி
மிதுசன்